தட்டு வராத நாள்

பிரசோங்கின் இழுப்பறையில், இனி கொடுக்க வேண்டியவை போக, பதினொரு பொட்டலங்கள் மிச்சம் இருந்தன. சாய்பின் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் பதினொன்றுதான் வந்தது. ஒரு தடவையாவது பத்து என்றோ பன்னிரண்டு என்றோ வந்திருந்தால் தன் எண்ணிக்கைமேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

புதன்கிழமை மூன்று மணி. மதிய உறக்கத்தில் முதியோர் இல்லம் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பிரசோங்கை லம்பாங் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வழக்கத்துக்கு மாறாக இந்த முறை அவருடைய மருத்துவமனைச் சீட்டில் ஊதா நிற முத்திரை ஒன்று குத்தியிருந்தார்கள். 'மீதியுள்ள மருந்து முழுவதையும் எடுத்து வரவும்.' அதனால்தான் அவள் மருந்து அலமாரியைத் திறந்து, அவர் பெயரும் படமும் ஒட்டிய இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள். மாலைப் பராமரிப்பாளராக ஆறு வருடமாக அந்த அலமாரியைத் திறக்கிறாள். ஓர் இழுப்பறையை இப்படி அடிவரை பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு பொட்டலமும் ஒரு நாள் மாலைக்கு உரியது. நர்ஸ் விலாவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மாத்திரைகளைச் சின்ன நெகிழிப் பைகளில் பிரித்துப் போட்டு, 'இரவு உணவுக்குப் பின்' என்ற முத்திரையைக் குத்தி, இழுப்பறையில் அடுக்குவாள். தேதி போடும் வழக்கமில்லை. எடுப்பது மேலிருந்து, வைப்பதும் மேலேதான். அடியில் தங்கியது தங்கியபடியே கிடக்கும். பொட்டலங்களைச் சாய்பின் வரிசையாகப் பரப்பியபோது அவை கிணறு தோண்டும்போது தெரியும் மண் அடுக்குகள்போல இருந்தன. அடியில் இருந்த ஐந்தில் இளஞ்சிவப்பு மாத்திரை மட்டும். அதற்கு மேல் நான்கில் இளஞ்சிவப்போடு பாதி ஆரஞ்சு. கடைசி இரண்டில் இளஞ்சிவப்பும் முழு ஆரஞ்சும். ஆகஸ்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை மருந்தைக் கூட்டினார்கள். ஆகவே ஒரே சமயத்தில் தவறிப்போனதல்ல இது. யாரோ, எப்போதோ, விட்டு விட்டு, மூன்று மாதமாகத் தவறவிட்டிருக்கிறார்கள்.

சாதாரண மாத்திரையாக இருந்தால் அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். பிரசோங்கின் இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறது. அறை அமைதியாக இருந்தால் அவர் பக்கத்தில் நிற்பவருக்கே அதன் சத்தம் கேட்கும், மலிவான கைக்கடிகாரத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்ததுபோல. அந்த உலோகத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. குறைந்தால் கட்டி உருவாகி மூளைக்கு ஓடும். கூடினால் உள்ளேயே ரத்தம் கசியும், அதுவும் மூளையில் கசிந்தால் அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் விலாவன் சொன்னதைச் சாய்பின் தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைத்து, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். 'இரண்டு பக்கமும் பள்ளம்' என்று அதற்கும் கீழே எழுதியிருந்தாள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அது அவள் பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். மருந்துப் பதிவுத் தாளைப் புரட்டினாள். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எல்லா மாலையிலும் சரிக்குறி. ஆனால் அந்தக் குறிகள் எப்படிப் போடப்பட்டவை என்று அவளுக்குத் தெரியும். தட்டுகள் எல்லாம் கழுவுமிடத்துக்குத் திரும்பியபின், நாற்காலியில் உட்கார்ந்து, மேலிருந்து கீழே இருபத்தொரு பெயருக்கும் ஒரே மூச்சில் போடுவாள். கொடுத்ததை நினைத்துப் போடுவதில்லை. கொடுக்காமல் இருக்க வழியே இல்லை என்ற நம்பிக்கையில் போடுவாள்.

பதினொன்று. மூன்று மாதம். வாரத்துக்கு ஒன்று. குறிப்பேட்டில் அதை எழுதியவுடன் அவள் கை நின்றது. வாரத்துக்கு ஒரு நாள் அவளுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை. அன்று மாலை வேலை பார்ப்பவள் அம்பாய்.

காலை வேலையை முடித்துவிட்டு அம்பாய் வண்டி நிறுத்துமிடத்தில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து பச்சை மாங்காயை மிளகாய் உப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். சாய்பினும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள்.

"அம்பாய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரசோங் பெரியப்பாவுக்கு மாத்திரை எப்படிக் குடுப்ப?"

"வாய் வழியாத்தான். வேற வழி இருந்தா சொல்லு."

"வெளையாடாத."

"நீ எப்படிக் குடுக்கறியோ அப்படித்தான். தட்டுல கிண்ணம், கிண்ணத்துல மாத்திரை." அம்பாய் மாங்காயை நீட்டினாள். சாய்பின் வாங்கவில்லை. "என்ன, போலீஸ் மாதிரி நிக்கற?"

"பதினொண்ணு மிச்சம் இருக்கு. வாரத்துக்கு ஒண்ணு."

அம்பாய் மெல்லுவதை நிறுத்தினாள். "வாரத்துக்கு ஒண்ணு. செவ்வாய்க்கிழமை. அப்ப நான்தான்."

"நான் அப்படிச் சொல்லல."

"நீ எதையும் சொல்ல மாட்ட. நோட்டுல எழுதி, கோடு போட்டு, நாங்களா வந்து ஒத்துக்கற வரைக்கும் காத்திருப்ப." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். வார்ப்பட்டை சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து செவ்வாய்க்கிழமைதானே? அவரு கஞ்சியில மீன் முள்ளு இருக்குன்னு சண்டை போட்டாரு. அந்தச் சண்டைக்கு நடுவுலதான் மாத்திரையை முழுங்கினாரு. போய்க் கேளு. கேட்டுட்டு அதையும் எழுதிக்க."

வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. சாய்பினுக்கு முகம் சுட்டது. மீன் முள் சண்டையை அம்பாய் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அப்படியானால் கணக்கு எங்கே இடிக்கிறது?

விலாவனிடம் சொன்னபோது அவள் காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவில் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான்தான் எங்கயாவது ரெண்டு ரெண்டாப் போட்டு அடுக்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில எப்பவும் கூடத்தான் தர்றாங்க" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "சார்ட்ல எல்லாம் இருக்குல்ல?"

"இருக்கு அக்கா."

"அப்ப என்ன?"

அப்ப என்ன என்று சாய்பினுக்கும் தெரியவில்லை. பொட்டலங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி மீண்டும் இழுப்பறையில் வைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை கியரைத் தவறாகப் போட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு, எப்போதும்போல, சமையலறை ஜன்னலில் தட்டுகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. இஞ்சி போட்ட மீன் கஞ்சி, பூசணிப் பொரியல், வாழைப்பழம். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் பெயர் அட்டை செருகியிருக்கும். சாய்பின் ஓர் அட்டையைப் படிப்பாள், அந்தப் பெயருள்ள இழுப்பறையைத் திறப்பாள், மேலே இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டுவாள், கிண்ணத்தைத் தட்டில் வைப்பாள். அடுத்த அட்டை. இந்த முறையை விலாவன்தான் கொண்டுவந்தாள். கிண்ணம் தட்டோடு போனால் யாருக்கும் மறக்காது, யாரும் வெறும் வயிற்றில் விழுங்க மாட்டார்கள். நல்ல முறை. ஆறு வருடத்தில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

இன்று அவள் பிரசோங்கின் அட்டைக்காகக் காத்திருந்தாள். தன் கையால் கொடுத்து, அவர் விழுங்குவதைத் தன் கண்ணால் பார்த்து, அதன் பிறகே அவர் பெயருக்கு நேரே சரிக்குறி போட வேண்டும் என்று காலையிலேயே தீர்மானம் செய்திருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஜன்னல் காலியானது.

"ரெண்டு தட்டு குறையுதே" என்றாள் உள்ளே பார்த்து.

"இன்னைக்கு நோன்பு நாள்" என்றார் சமையல்காரர், பாத்திரம் துலக்கிக்கொண்டே. "மூலை அறைப் பாட்டியம்மாவுக்கும் பிரசோங்குக்கும் ராத்திரி சாப்பாடு கிடையாது. மழைக்கால நோன்பு ஆரம்பிச்ச நாளிலிருந்து அப்படித்தானே. புதுசாக் கேக்கற?"

சாய்பின் கையில் கிண்ணத்தோடு நின்றாள். அந்தப் பாட்டியம்மாவுக்கு மாலை மருந்தே கிடையாது. அதனால் அவர் பக்கம் எதுவும் மிச்சம் ஆகவில்லை. பிரசோங் நோன்பு இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாததா? நோன்பு நாள் மாலைகளில், லிச்சி போன்ற லாங்கன் பழத்தின் சாற்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவளே அவள்தான். கிண்ணம் தட்டோடுதான் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன. மூன்று மாதமாக ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பிறை வளர்ந்து தேய்கிற கணக்கில் வரும் பௌத்த நோன்பு நாள் அது; உச்சி வேளைக்குப் பிறகு பழச்சாறு தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு வாரம் புதன், அடுத்த வாரம் வியாழன் என்று நகர்ந்துகொண்டே போகும். செவ்வாய்க்கிழமையிலும் வந்திருக்கும், ஒன்றோ இரண்டோ. அம்பாயின் முகம் நினைவுக்கு வந்தது.

மற்ற தட்டுகளைக் கொடுத்து முடிக்க ஆறரை ஆகிவிட்டது. பிறகு பிரசோங்கின் இழுப்பறையைத் திறந்து, மேலிருந்த பொட்டலத்தைக் கிண்ணத்தில் கொட்டினாள். இளஞ்சிவப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று. ரப்பர் வளையம் போட்ட கட்டையும் மருத்துவமனையின் பச்சை அட்டைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். பழச்சாறும் எடுத்தாள்.

பிரசோங்குக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தோரு வருடம் லம்பாங்குக்கும் பாங்காக்குக்கும் பேருந்து ஓட்டியவர். கட்டிலில் வெள்ளைச் சட்டையோடு, ஜன்னலைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தார், இன்னும் கையில் சக்கரம் இருப்பதுபோல. பழச்சாற்றை வாங்கிக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இது என்ன, இன்னைக்கு?"

"உங்க மாத்திரைதான் பெரியப்பா. தினம் போடறது."

"இன்னைக்கு நோன்பு நாளாச்சே."

"மருந்துக்கு நோன்பு தடை இல்லையே."

"அது எனக்குத் தெரியாதா? பெரிய பிக்குகிட்ட மொதல் நாளே கேட்டேன். தாராளமாப் போட்டுக்கன்னாரு." அவர் பழச்சாற்றைக் கீழே வைத்தார். "ஆனா நீங்க கொண்டு வரல. ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். சரி, 'உணவுக்குப் பின்'னுதானே போட்டிருக்கு, உணவு இல்லாத நாளுக்கு மருந்து வேணாம்னு டாக்டர்கிட்ட கேட்டு ஏற்பாடு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். கேக்காமலே இவ்வளவு கவனமாப் பாத்துக்கற பிள்ளைங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு. அதான் அன்னைக்கு உனக்கு நன்றி சொன்னேனே."

சொல்லியிருந்தார். ஆகஸ்டில் ஒரு மாலை பழச்சாறு வாங்கும்போது இரண்டு கையையும் நெற்றிவரை தூக்கிக் கும்பிட்டு, 'உங்களுக்கெல்லாம் புண்ணியம்' என்றார். வயதானவர் தன்னைக் கும்பிடுகிறாரே என்று அவள் பதறிக் குனிந்து வணங்கினாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. குறிப்பேட்டில்கூட எழுதினாள்: 'பி. பெரியப்பா பழச்சாற்றுக்கு நன்றி சொன்னார்.'

"யாரும் கேட்டு நிறுத்தல பெரியப்பா" என்றாள். "தட்டு வரல. அதனால கிண்ணம் வரல. அவ்வளவுதான்."

அறையில் அந்த வால்வுச் சத்தம் கேட்டது. டிக், டிக்.

"டாக்டருக்குத் தெரியாதா அப்ப?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு ரெண்டு தடவை கூட்டினாரு?"

"ரத்தத்துல மருந்து பத்தலைன்னு வந்துச்சு. நாங்க தினமும் குடுக்கறோம்னு சொன்னோம். அதனால கூட்டினாங்க."

பிரசோங் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்த மொழியில் அது உடனே புரிந்துவிட்டது. "வண்டி மெதுவாப் போகுதுன்னு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. இன்னொரு காலு பிரேக்குல இருக்கறதை யாரும் அவருகிட்ட சொல்லல." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். போன வாரம் கதவில் லேசாக இடித்த இடம், நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. "அடுத்த வாரம் பௌர்ணமியோட நோன்பு முடியுது. தினமும் ராத்திரி சாப்பிடுவேன். பிரேக்குல இருக்கற காலை எடுத்துடுவேன்."

சாய்பின் வராந்தாவுக்கு வந்தாள். பச்சைப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். நாலரை மணியோடு வேலை நேரம் முடிந்தது என்று பதிவு செய்த குரல் ஒன்று மிக மரியாதையாகச் சொன்னது. பிறகு விலாவனை அழைத்தாள். பின்னணியில் உரலில் மிளகாய் இடிக்கும் சத்தம். சாய்பின் சொல்லச் சொல்ல அது நின்றது.

"எத்தனை நாள்?"

"பதினொண்ணு. இன்னைக்கோட பன்னெண்டு."

"சார்ட்ல டிக் யாரோடது?"

"பெரும்பாலும் என்னோடது அக்கா."

"இன்னைக்கு உள்ளதைக் குடுத்துடு. மத்ததை நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா, டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"சாய், தவறாமக் குடுக்கறோம்னு ரெண்டு தடவையும் அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னது நான்." விலாவனின் குரலில் கோபம் இல்லை. அதுதான் சாய்பினைப் பயமுறுத்தியது. "தட்டுல கிண்ணம் வைக்கற யோசனையும் என்னோடது. எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கணும். யோசிக்க விடு."

"இப்ப இருக்கற அளவு, வாரத்துக்கு ஒரு நாள் தவறவிடற ஆளுக்குப் போட்ட அளவு அக்கா. இன்னைக்குக் குடுத்தா சரியா, குடுக்காம இருந்தா சரியா?"

"குடுன்னு எழுதியிருக்கு. குடுக்கணும்."

"உணவுக்குப் பின்னுன்னும் எழுதியிருக்கு." வேடிக்கைக்காக அவள் சொல்லவில்லை.

"எனக்கும் தெரியலடி" என்றாள் விலாவன். "நேரம் கடத்தாத. குடுத்துடு." உரல் சத்தம் மீண்டும் தொடங்குவதற்கு முன் இணைப்பு அறுந்தது.

வராந்தாவுக்கு எதிரே ஓடும் ஆற்றுக்கு மேலே வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. சரியாகப் பாதி நிலா தலைக்கு மேலே நின்றது. விகாரையில் நோன்பு நாள் பாராயணம் ஒலிபெருக்கியில் கரகரத்துத் தொடங்கியது. நாளைக் காலைக்குள் விலாவன் யோசித்து முடித்திருப்பாளா, முடித்தால் என்ன முடிவு செய்திருப்பாள் என்று சாய்பினால் ஊகிக்க முடியவில்லை. கெட்டவள் இல்லை விலாவன். இரண்டு மகள்களைப் படிக்கவைப்பவள். சொல்லாமல் விடவும் கூடும், சொல்லிவிட்டு வேலையை இழக்கவும் கூடும். இதில் எது நடந்தாலும் தொடக்கம் சாய்பினின் நோட்டுப்புத்தகப் புத்திதான் என்று அம்பாய் சொல்லுவாள். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். பரிசோதனை எண் மறுபடியும் குறைவாக வந்தால் மூன்றாவது தடவையாகக் கூட்டுவார்கள். அடுத்த வாரம் பௌர்ணமி.

உள்ளே வந்து பிரசோங்கின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுவரில் எரிவாயுக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. நோன்பு நாள் ஒவ்வொன்றிலும் தாமரைமேல் அமர்ந்த குட்டிப் புத்தர் அச்சிட்டிருந்தார். அதைக் கழற்றி மடியில் வைத்தாள். நாளைக்கு டாக்டர் கைக்குப் போகும் பச்சைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 'மருந்து தவறிய நாட்கள்' என்று தலைப்பு. கீழே ஐந்தே கோடுகள். மூன்று வருடமாக எதுவும் எழுதப்படாத பக்கம்.

"பெரியப்பா, எந்த நாள்லேர்ந்து நோன்பு ஆரம்பிச்சீங்க?"

"மழைக்கால நோன்புக்கு முந்தின நாள், பௌர்ணமியிலேர்ந்து. வண்டி ஓட்டின காலத்துல முடியல. பஸ் நின்ன எடத்துலதான் எனக்குப் பசிச்சுது." அவள் மடியில் இருந்த நாள்காட்டியை எட்டிப் பார்த்தார். "அதையெல்லாம் எழுதினா உன் பேரும் வருமே."

"வரும்."

"நான்தான் முழுங்காம ஒளிச்சு வெச்சேன்னு எழுதிக்க. கிழவனை யாரு என்ன பண்ணப் போறாங்க."

"நோன்புக்குச் சீல விரதம் எடுத்துட்டுப் பொய் சொல்லலாமா?"

அவர் சிரித்தார். பல் இல்லாத பக்கம் தெரிந்தது. "அதானே. இன்னைக்கு மட்டும் முடியாது. நாளைக்குச் சொல்றேன்."

அவள் எழுதத் தொடங்கினாள். ஜூலையில் ஒரு புத்தர், ஒரு தேதி. பக்கத்தில் 'கொடுக்கவில்லை'. அதன் பக்கத்தில் 'சாய்பின்'. அடுத்த புத்தர். செவ்வாய்க்கிழமையில் விழுந்தது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் பேனா தயங்கியது. பெயர் எழுதாமல் 'தட்டு வரவில்லை' என்று மட்டும் எழுதினாள். பிறகு, அது ஒன்றுக்கு மட்டும் காரணம் எழுதி மற்றதற்கு எழுதாவிட்டால் நியாயமாகாதே என்று தோன்றி, மேலே போய் எல்லாவற்றுக்கும் எழுதினாள். ஐந்து கோடுகள் முடிந்துவிட்டன. ஓரத்தில் எழுதினாள். புத்தகத்தைத் திருப்பிக் குறுக்காக எழுதினாள். எட்டு, ஒன்பது, பத்து. எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பதினொன்று.

பன்னிரண்டாவது புத்தரின் தேதியை எழுதினாள். இன்றைய தேதி. கொடுத்ததா இல்லையா என்று எழுதும் பக்கத்து இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"குடுக்கவான்னு யோசிக்கறியா, வேணாமான்னு யோசிக்கறியா?" என்றார் பிரசோங். கிண்ணம் இப்போது அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவள் கவனிக்கவில்லை. "நீ சொல்லு, போட்டுக்கறேன். நீ சொல்லு, வெச்சுடறேன்."

ஒலிபெருக்கியில் பாராயணம் மூச்சு வாங்கும் இடைவெளியில் நின்றது. அந்த இடைவெளியில் அவர் மார்பின் சத்தம் கேட்டது. அவர் கிண்ணத்தை மெல்ல ஆட்டியதில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கிண்ணத்தின் விளிம்புக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தன. பேனாவின் முனை தாளைத் தொட்ட இடத்தில் மை சின்ன வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது.